ஆற்றுக்கு உரிமை கொடுத்தால் போதுமா? அதற்கு முத்தவல்லி யார்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று பெய்தது. மறுநாள் காலை மழைக் கணக்கு வந்தபோது மாநிலமே திரும்பிப் பார்த்த ஊர் மயிலம். ஒரே நாளில் 51 செ.மீ. மழை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்தைத் தாண்டி, மயிலத்துக்குச் சாலை பிரியும் இடம்தான் கூட்டேரிப்பட்டு. பெயரிலேயே ஏரியைச் சுமந்து நிற்கும் ஊர். அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் ஏரிகளும் வயல்களும் சாலைகளும் ஒன்றாயின.

அடுத்த நாள், டிசம்பர் 2 அதிகாலை, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலை மூழ்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. முன்னறிவிப்பு போதவில்லை என்றது எதிர்க்கட்சி. உரிய எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. நிவாரணத் தொகை பற்றிய பேச்சு வந்தது, ஓய்ந்தது.

அந்த விவாதங்களில் வராத ஒரு கேள்வி உண்டு. அந்தத் தண்ணீருக்குப் போவதற்கென ஒரு பாதை இருந்ததல்லவா? அந்தப் பாதையின் மீது அதற்கு ஓர் உரிமை உண்டா? உண்டு என்றால், அந்த உரிமைக்காக நீதிமன்றத்தில் பேசுவது யார்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. கடந்த இருபது ஆண்டுகளில் உலகின் பல நாடுகள் ஆறுகளுக்குச் சட்ட உரிமை கொடுத்திருக்கின்றன. இந்தியாவில் அதைத் தொடங்கிவைத்தது ஹரித்துவாரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் தொடுத்த வழக்கு.

முஹம்மது சலீம் வழக்கு

யமுனை ஆற்று நீரைக் கொண்டுசெல்லும் சக்தி கால்வாயின் ஓரத்தில் நடந்த ஆக்கிரமிப்புகளை அகற்றக் கோரி, முஹம்மது சலீம் 2014-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். ஆற்றை நபராக அறிவிக்குமாறு அவர் கேட்கவில்லை. ஆனால், 2017 மார்ச் 20 அன்று நீதிமன்றம் ஒரு படி மேலே சென்று, கங்கையும் யமுனையும் அவற்றின் துணை ஆறுகளும் சட்டப்படி வாழும் நபர்கள் என்று அறிவித்தது. பத்து நாள் கழித்து இன்னொரு வழக்கில் பனிப்பாறைகள், ஏரிகள், காடுகளுக்கும் அதே தகுதி கொடுக்கப்பட்டது.

நபர் என்றால் அவர் சார்பில் பேச ஆள் வேண்டும். நீதிமன்றம் மூவரைப் பாதுகாவலர்களாக நியமித்தது: நமாமி கங்கே திட்டத்தின் இயக்குநர், மாநிலத் தலைமைச் செயலாளர், மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர். எந்த நிர்வாகம் ஆற்றைக் காக்கத் தவறியது என்று வழக்கு வந்ததோ, அந்த நிர்வாகத்தின் கையிலேயே ஆறு ஒப்படைக்கப்பட்டது.

அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று மாநில அரசே உச்ச நீதிமன்றம் சென்றது. அதன் கேள்விகளில் நியாயமும் இருந்தது. ஆறு பல மாநிலங்கள் வழியே ஓடுகிறது. அதற்கு ஒரு மாநில அதிகாரி எப்படிப் பாதுகாவலர் ஆவார்? வெள்ளம் வந்து ஆள் இறந்தால் ஆற்றின் மீது வழக்குப் போடுவதா, அதன் சார்பில் தலைமைச் செயலாளர் இழப்பீடு கொடுப்பதா? 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

தமிழ்நாட்டிலும் இதே போக்கில் ஒரு தீர்ப்பு உண்டு. தேனி மாவட்டம் மேகமலையில் வன நிலத்துக்குப் பட்டா கொடுத்த வருவாய் அலுவலர் ஒருவரின் வழக்கில், 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கைக்குச் சட்ட நபர் தகுதி உண்டு என்று அறிவித்து, மத்திய, மாநில அரசுகள் அதைக் காக்க வேண்டும் என்றது. இங்கும் காவல் அரசிடமே.

ஆற்றை "நபர்" என்பது அகீதாவுக்கு முரணா?

நம் வாசகர்களில் பலருக்கு இந்தச் செய்தியைப் படிக்கும்போதே ஒரு தயக்கம் வரும். உத்தராகண்ட் தீர்ப்பு, ஒரு மதத்தாருக்கு இந்த ஆறுகள் புனிதமானவை என்பதைத் தன் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. பாபர் மஸ்ஜித் வழக்கில் ராம் லல்லா சட்ட நபராகவே வழக்காடியதும், ஜென்மஸ்தான நிலத்தையே சட்ட நபராக்க வேண்டும் என்ற வாதத்தை 2019-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்ததும் நமக்கு நினைவிருக்கும். லாகூர் ஷஹீத் கஞ்ச் பள்ளிவாசல் வழக்கில், பள்ளிவாசல் கட்டடம் தன் பெயரில் வழக்காட முடியாது என்று 1940-இல் பிரிவி கவுன்சில் சொன்னதை அறிந்தவர்களும் இருப்பார்கள். ஆகவே, "இது ஆற்றை வணங்கச் சொல்லும் வழியோ" என்ற கேள்வி எழுவது இயல்பு.

சட்ட நபர் என்பதற்கும் வழிபாட்டுக்கும் தொடர்பில்லை. நாம் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு சட்ட நபர். அது சொத்து வாங்கும், வழக்குப் போடும், அபராதம் கட்டும். யாரும் அதை வணங்குவதில்லை. தன் பெயரில் உரிமையும் கடமையும் இருக்கக்கூடிய ஒன்று என்பது மட்டுமே அதன் பொருள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வங்கதேசத்தில், 2019-இல் உயர் நீதிமன்றம் துராக் ஆற்று வழக்கில் நாட்டின் எல்லா ஆறுகளையும் சட்ட நபர்களாக அறிவித்தது. ஆறு பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்பதுதான் அங்கே அடிப்படை.

மனிதரல்லாத ஒன்றுக்குத் தண்ணீரில் உரிமை உண்டு என்பதும் நமக்குப் புதிதல்ல. ஸாலிஹ் நபியின் ஒட்டகத்துக்கு ஒரு நாள், ஸமூது மக்களுக்கு ஒரு நாள் என்று நீர் முறை வைக்கப்பட்ட வரலாற்றைப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்த முறையை மீறி ஒட்டகத்தைக் கொன்ற சமூகம் என்ன ஆனது என்பதும் தெரியும். கிணறு, ஊற்று, ஆறு ஆகியவற்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாடவோ கட்டடம் எழுப்பவோ கூடாது என்பதை ஃபிக்ஹு நூல்கள் "ஹரீம்" என்ற பெயரில் பேசுகின்றன. இன்றைய சட்டத்தின் நீர்நிலைப் புறம்போக்கு அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

எல்லாவற்றையும் விட நமக்குப் பழக்கமானது வக்ஃபு. வக்ஃபு செய்யப்பட்ட சொத்துக்கு மனிதர் யாரும் உரிமையாளர் இல்லை. முத்தவல்லி பராமரிப்பவர் மட்டுமே. பலன் ஏழைகளுக்கும் மக்களுக்கும். சட்டம் பக்காவாக இருந்தும் வக்ஃபு நிலங்கள் எப்படிக் கரைந்தன? பத்திரத்தில் குறை இருந்ததால் அல்ல, பல இடங்களில் பராமரிப்பவர் சரியில்லாததால். இந்த அனுபவம் உள்ள சமூகம், ஆற்று உரிமை பற்றிய பேச்சில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: முத்தவல்லி யார்?

வாங்கனூய் சொல்லும் பாடம்

நியூசிலாந்தின் வாங்கனூய் ஆறு சுமார் 290 கி.மீ. நீளமுள்ளது. அதன் கரையில் வாழும் மாவோரி மக்கள், ஆறு தங்கள் முன்னோரின் தொடர்ச்சி என்று சொல்லி 1870களிலிருந்து அரசிடம் முறையிட்டு வந்தார்கள். 2017 மார்ச்சில், உத்தராகண்ட் தீர்ப்பு வந்த அதே மாதத்தில், அந்நாட்டு நாடாளுமன்றம் அந்த ஆற்றைச் சட்ட நபராக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காவலில் இருக்கிறது. வாங்கனூய்க்கு இரண்டு பேர் பாதுகாவலர்கள். ஒருவரை அரசும், மற்றவரை ஆற்றங்கரைப் பழங்குடியினரும் பெயர் குறிக்கிறார்கள். அரசுக்குச் சொந்தமாக இருந்த ஆற்றுப்படுகை ஆற்றின் பெயருக்கே மாற்றப்பட்டது. ஆற்றின் நலனுக்கென 3 கோடி நியூசிலாந்து டாலர் நிதி தனியாக ஒதுக்கப்பட்டது. குறையும் உண்டு. மேல்பகுதியில் மின் உற்பத்திக்காகத் தண்ணீரைத் திருப்பும் பழைய திட்டம் அப்படியே தொடர்கிறது. ஆனாலும், ஆற்றை அறிந்தவருக்கு அதன் சார்பில் பேசும் நாற்காலி சட்டத்திலேயே போடப்பட்டது.

வங்கதேசத்தில் அந்த நாற்காலி தேசிய ஆறு பாதுகாப்பு ஆணையத்துக்குப் போனது. ஆற்றை ஆக்கிரமித்தவர் தேர்தலில் நிற்கவும் வங்கிக் கடன் பெறவும் கூடாது என்றெல்லாம் உயர் நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. மேல்முறையீட்டில் சில உத்தரவுகள் தளர்த்தப்பட்டன. டாக்காவைச் சுற்றியுள்ள ஆறுகள் இன்றும் கறுத்தே ஓடுகின்றன. உரிமைப் பிரகடனம் தானாக எதையும் சுத்தம் செய்வதில்லை.

ஒரு ஏரிக்கு எத்தனை எசமானர்கள்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். செஞ்சி மலைப் பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆற்றைச் செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் அழைக்கிறார்கள். அதனோடு தொண்டியாறு சேருமிடத்தில், 1950களின் இறுதியில் வீடூர் அணை கட்டப்பட்டது. 32 அடி உயரத்துக்கு நீர் தேக்கலாம். அதன் பாசனம் 3,200 ஏக்கர். அதில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டில், 1,000 ஏக்கர் புதுச்சேரியில். பிறகு ஆறு புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்து வில்லியனூரைக் கடந்து கடலுக்குப் போகிறது. ஒரே ஆறு, இரண்டு நிர்வாகங்கள். உத்தராகண்ட் அரசு எழுப்பிய அதே சிக்கல் இங்கேயும் உண்டு.

ஆற்றை விட ஏரிகளின் நிலை இன்னும் சிக்கலானது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள். 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்திடம். நிலப் பதிவேடு வருவாய்த் துறையிடம். மண் எடுக்க அனுமதி கனிமவளத் துறை வழியாக. மீன் குத்தகை வேறொரு கையில். கழிவு கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கரை உடைந்தால் இத்தனை பேரில் யாரைக் கேட்பது என்று ஊர்மக்களுக்குத் தெரிவதில்லை.

முன்பு அப்படி இல்லை. ஒவ்வோர் ஏரிக்கும் நீர்க்கட்டி இருந்தார். எந்த மதகை எப்போது திறப்பது, கடைமடை வயலுக்கு நீர் போக எத்தனை நாள் ஆகும், எந்த அளவு மழைக்கு ஏரி கோடி போகும், அந்த உபரி நீர் எந்த ஏரிக்குப் போய்ச் சேரும் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. கூலி அறுவடையில் நெல்லாக வந்தது. மேல் ஏரியின் கோடி கீழ் ஏரிக்கு வரத்து. இப்படிச் சங்கிலியாகக் கோத்த ஏரிகள் அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழையையும் படிப்படியாக இறக்கிக் கடலுக்கு அனுப்பின. திண்டிவனம், வானூர் பகுதி ஏரிகளின் உபரி போய்ச் சேரும் மரக்காணம் அருகிலுள்ள கழுவெளி, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் அங்கீகரித்தது சங்கிலியின் கடைசிக் கண்ணியை. மேலே உள்ள வரத்து வாய்க்கால்கள் பல இடங்களில் மனைகளுக்கும் சாலைகளுக்கும் அடியில் கிடக்கின்றன.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. நீர்க்கட்டி வேலையைப் பல ஊர்களில் தலித் மக்கள்தான் செய்தார்கள். அறிவு அவர்களுடையது, நிலமும் அதிகாரமும் மற்றவர்களுடையது. 2000-ஆம் ஆண்டு விவசாயிகளின் பாசன மேலாண்மைச் சட்டம் கொண்டுவந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களும் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களை மையமாகக் கொண்டவையே. தண்ணீரை அறிந்தவருக்கு அங்கேயும் நாற்காலி இல்லை.

ஏரிக்கரை இருளர்கள்

திண்டிவனம் பகுதியில் நீரைப் பற்றிய அறிவை இன்றும் அன்றாட வாழ்க்கையில் வைத்திருப்பவர்கள் இருளர்கள். கையால் மீனும் நண்டும் பிடிப்பவர்கள். வரப்பில் எலி வளை எங்கே, பாம்பு எந்தப் புற்றில் என்று பார்த்தே சொல்பவர்கள். அதே சமயம், செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகச் சிக்கி மீட்கப்பட்டவர்களும் அவர்களே. பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்தில் இருந்துகொண்டு பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் மூலம் பல ஆண்டுகளாகப் போராடியது அவர்களின் சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் பொய் வழக்குகளுக்கு எதிராகவும்தான்.

ஆற்று உரிமை பற்றிப் பேசுவோர் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து இங்கே இருக்கிறது. இருளர் குடும்பங்களில் பல, சொந்த நிலம் இல்லாததால் ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவை. வன உரிமைச் சட்டம் 2006 வன நிலத்தில் இருப்பவர்களுக்கானது. ஏரிக்கரையில் இருப்பவருக்கு அது கைகொடுப்பதில்லை. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்று என்று உத்தரவு வந்தால் ஜேசிபி முதலில் போகும் இடம் அந்தக் குடிசைகள். வாய்க்காலை மூடி எழுந்த கல்லூரிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வக்கீல் இருப்பார், தடையாணை இருக்கும். ஏரிக்கு உரிமை கொடுக்கிறோம் என்று சொல்லி ஏரியை அறிந்தவரை அங்கிருந்து துரத்தினால், அது ஏரிக்கும் நீதி அல்ல, அவர்களுக்கும் நீதி அல்ல. மாற்று இடமும் பட்டாவும் கையில் கொடுத்த பிறகே குடிசையில் கை வைக்க வேண்டும்.

இருளர் அறிவுக்குச் சட்டத்தில் இடம் கொடுப்பது நடக்காத காரியமா? தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் இருளர்களின் பிழைப்பைப் பறித்தன. 1978-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அரசு உரிமத்துடன் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்து தயாராகும் மருந்து நாடு முழுவதும் பாம்புக்கடி நோயாளிகளைக் காக்கிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குற்றம் என்று முத்திரை குத்தப்பட்ட ஓர் அறிவு உரிமம் பெற்ற தொழிலானது, பாம்பும் பிழைத்தது. பாம்புக்குச் செய்ததை ஏரிக்குச் செய்ய என்ன தடை? ஏரி மீன்பிடிப்பில் அவர்களுக்கு முதல் உரிமை, மதகும் வாய்க்காலும் கண்காணிக்கும் சம்பள வேலை என்று தொடங்கலாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

சங்கராபரணி சட்ட நபர் என்று அறிவிப்பு வருவதற்குள் இன்னும் எத்தனை பெருமழை வரும் என்று தெரியாது. கையில் இருக்கும் சட்டங்களிலேயே வழி இருக்கிறது.

முதலாவது, கிராம சபை. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதை அங்குள்ள பழங்குடி கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது. மதுரை அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது மக்கள் கிராம சபைத் தீர்மானங்களோடு திரண்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் இப்போது உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. நம் ஊர் ஏரியின் எல்லை, வரத்து வாய்க்கால், கோடி செல்லும் பாதை ஆகியவற்றை அளந்து கல் நடக் கோரும் தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

இரண்டாவது, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. உயிரியல் பன்மைச் சட்டம் 2002-இன்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உள்ளூர் மக்களைக் கலந்து, அவர்களின் மரபு அறிவையும் சேர்த்துப் பதிவேடு எழுத வேண்டும். மூத்த நீர்க்கட்டிகள் உயிரோடு இருக்கும்போதே, இருளர் பெரியவர்களையும் உட்கார வைத்து எழுதினால், நாளை எந்த நீதிமன்றத்திலும் அது ஏரியின் சாட்சியாக நிற்கும்.

மூன்றாவது, நம் ஜமாஅத்கள். வெள்ளம் வந்தால் பள்ளிவாசல் கதவைத் திறந்து, சாதி மதம் பாராமல் சோறு சமைத்துக் கொடுப்பது நமக்குப் பழக்கம். அது தொடர வேண்டும். ஆனால், ஒவ்வொரு முறையும் வெள்ளத்துக்குப் பின்னால் ஓடுவதை விட, முன்னால் ஒரு நாள் கிராம சபையில் போய் உட்காருவது பெரிய உதவி. வக்ஃபு நிலத்துக்கு உள்ளே வாய்க்கால் போகிறதா, நாம் வாங்கும் மனை ஏரி வரத்தில் இருக்கிறதா என்பதைப் பத்திரத்தோடு பழைய கிராம வரைபடத்தையும் வைத்துப் பார்ப்பதும் அதில் சேரும். ஆக்கிரமிப்பு அடுத்தவர் செய்வது மட்டுமே என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆற்றுக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்வது நல்ல தொடக்கம். அந்த உரிமையை அலுவலகக் கோப்பில் வைத்துப் பூட்டினால் அடுத்த புயலுக்கு அது உதவாது. ஏரியின் கரையை நடந்தே அறிந்தவர், கோடி போகும் சத்தத்தை வைத்தே அளவு சொல்பவர், அந்த ஏரி மீனை நம்பி அடுப்பு எரிப்பவர் ஆகியோர் பாதுகாவலர் இருக்கையில் உட்கார வேண்டும். அதிகாரிகள் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். கூட்டேரிப்பட்டுப் பகுதி அடுத்த 51 செ.மீ. மழையைத் தாங்குமா என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.

தண்ணீர் நம்மிடம் அமானிதம். அமானிதத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப்படும் என்பதை அறிந்த சமூகம் நாம்.